கொம்பன் ஆந்தையின் கூட்டைக் காட்டிக்கொடுத்த படம்

அந்தக் குன்றின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தென்மாவட்டத்தில் ஒரு சின்னப் பாறைக்குன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். அதன் மேற்குச் சரிவில் ஒரு பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் கோட்டான் என்பார்கள். கூடு என்று சொல்கிறோமே தவிர, சுள்ளியோ நாரோ அதில் இருக்காது. பாறை இடுக்கில் தேங்கிய மண்ணில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை அதன் இனப்பெருக்கக் காலம். மூன்று நான்கு முட்டை இடும், ஏறக்குறைய 33 நாள் அடைகாக்கும். பிடித்துப்போன இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகிறவன். ஒரு ஜனவரி மாதச் சாயங்காலம் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து, பைனாகுலர் கண்ணாடியில் போனை ஒட்டிப் பிடித்து நாலைந்து படம் எடுத்தேன். ஆரஞ்சுக் கண்கள், விறைத்து நிமிர்ந்த இரண்டு கொம்பு, மார்பில் கருங்கோடுகள், எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. வீட்டுக்கு வந்ததும் கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கு மாற்றி, எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படத்தை அனுப்பினேன். இடம் எழுதவில்லை. கேட்டவர்களிடமும் சொல்லவில்லை. ஆந்தை விஷயத்தில் எங்களுக்குள் அது எழுதாத விதி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆந்தைகளுக்குப் பாதுகாப்பு இருந்தாலும், மாந்திரீகத்துக்கென்று ஆந்தை பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் செய்தேன். படமாக அனுப்பினால் இறகின் நுணுக்கம் மங்கிவிடுகிறதே என்று, டாக்குமென்டாக அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் போனேன். எதிர்ப்பாறையில் ஐந்து பேர், இரண்டு டிரைபாட். ஒருவர் விளிம்புக்குப் பக்கத்திலேயே ஏறி, கூட்டை மறைத்திருந்த செடியின் கிளையை ஒடித்துக்கொண்டிருந்தார். பட்டப்பகல். ஆந்தை கூட்டை விட்டு வெளியேறி ஒரு பனைமரத்தில் உட்கார்ந்திருந்தது. நாலைந்து காக்கைகள் அதைச் சுற்றிச் சுற்றி விரட்டிக்கொண்டிருந்தன. முட்டைகள் வெயிலில் கிடந்தன. அங்கே நின்ற ஒரு பையனிடம் எப்படி இடம் தெரிந்தது என்று கேட்டேன்.

“நீங்கதானண்ணே குரூப்ல போட்டீங்க. படத்துலயே லொகேஷன் இருந்துச்சு. மேப்ல போட்டேன், நேரா இந்தப் பாறைக்குக் கொண்டாந்து விட்ருச்சு.”

கெட்ட எண்ணத்தோடு சொன்ன பேச்சு இல்லை அது. நன்றி சொல்கிற குரலில்தான் சொன்னான். அந்தப் பருவத்தில் அந்த முட்டைகள் பொரியவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. படத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. தேடியதில் முதலில் வந்த ஒரு தளத்தைத் திறந்தேன். ‘படத்தை இங்கே போடுங்கள்’ என்றது. போட்டேன். ஒரு நீலப் பட்டை மெல்ல நகர்ந்து 100 சதவீதம் என்று நின்றது. அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த நேரம், போன் மாடல் எல்லாம் வரிசையாக வந்தன. அதற்குப் பிறகுதான் உறைத்தது: அந்த நீலப் பட்டை படம் அப்லோட் ஆவதைக் காட்டியது. கூட்டின் இடம் எப்படி வெளியே போனது என்று பார்க்கப் போய், அதே இடத்தை முகம் தெரியாத இன்னொருவரின் சர்வருக்கும் நானே அனுப்பி வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அக்கா மகள் ஊருக்கு வந்தாள். வெப்சைட் எழுதுவதுதான் அவள் வேலை. எல்லாவற்றையும் சொன்னேன். “படத்தை எங்கயும் அனுப்பவே வேணாம் மாமா. பிரவுசரே படிச்சுச் சொல்லிரும்” என்றாள். அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து அவள் காட்டியதையும், பிறகு நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். படம் அனுப்பாதவர் இப்போது யாரும் இல்லை. வீட்டில் குழந்தை இருப்பவருக்கும், வீட்டிலிருந்தே வியாபாரம் செய்பவருக்கும், ஒருவரிடமிருந்து ஒதுங்கி வாழ்பவருக்கும் இது என் ஆந்தையைவிட முக்கியமான விஷயமாக இருக்கலாம்.

படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இந்தக் குறிப்புக்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995இல் ஜப்பானில் டிஜிட்டல் கேமராக்களுக்காக வகுத்த முறை. என்ன ஷட்டர் வேகம், என்ன லென்ஸ், எப்போது எடுத்தது என்று கேமராவே எழுதி வைத்தால் பிற்பாடு உதவுமே என்ற நல்ல நோக்கம். அதில் ஜிபிஎஸ்ஸுக்கும் ஓர் அறை இருந்தது. போனிலேயே ஜிபிஎஸ் வந்த பிறகு அந்த அறை தானாக நிரம்பத் தொடங்கியது. 2012 டிசம்பரில் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுப் போலீசுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்த ஜான் மெக்காஃபியின் படத்தை ஒரு பத்திரிகை தன் தளத்தில் போட்டது. படத்தை எடுத்த ஐபோன் எழுதிய ஜிபிஎஸ் அதில் அப்படியே இருந்தது. அவர் குவாத்தமாலாவில் இருப்பது உலகத்துக்கே தெரிந்துபோனது. ஆண்டிவைரஸ் மென்பொருள் விற்றுப் பெயர் வாங்கிய மனிதர் அவர்!

அவள் என் படத்தை எண்களாகத் திறந்து காட்டினாள். ஜேபெக் படம் என்றால் முதல் இரண்டு பைட்டும் 255, 216. எந்த ஜேபெக்கைத் திறந்தாலும் இப்படித்தான். அதையடுத்து 255, 225 வந்தால் குறிப்புப் பகுதி தொடங்குகிறது. பிறகு அதன் நீளம், அப்புறம் 69, 120, 105, 102. இந்த நான்கு எண்களையும் எழுத்தாக மாற்றினால் எக்ஸிஃப் என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகள். நீளத்தை எழுத இரண்டே பைட் என்பதால் அந்தப் பகுதி 65,535 பைட்டைத் தாண்ட முடியாது. ஆகவே 5 எம்பி படமானாலும் ஆரம்பத்தில் உள்ள ஒரு துண்டைப் படித்தாலே பெரும்பாலும் போதும். பிரவுசருக்கு அது கண்ணிமைக்கும் நேர வேலை. இதற்குப் போய் எங்கோ ஒரு சர்வர் எதற்கு?

இடம் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பதையும் பார்த்தேன். என் குன்றுக்குப் பதில் தஞ்சைப் பெரிய கோயிலை வைத்துச் சொல்கிறேன். வடக்கு; 10/1, 46/1, 5808/100. மூன்று பின்னங்கள்: 10 டிகிரி, 46 நிமிடம், 58.08 வினாடி. நிமிடத்தை 60ஆலும் வினாடியை 3600ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்டினால் 10.7828. மேப்பில் போடுகிற எண் இதுதான். வடக்கு தெற்காக ஒரு வினாடி என்பது தரையில் ஏறத்தாழ 31 மீட்டர். வினாடியிலும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் எழுதுகிறது போன். ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும்தான், ஆனால் ஒரு பாறையைக் கண்டுபிடிக்க அது தடையே இல்லை. அதற்கும் கீழே இன்னொரு வரி இருந்தது: படம் எடுக்கும்போது போன் பார்த்திருந்த திசை, டிகிரியில். நான் உட்கார்ந்த பாறையும் தெரியும், அங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்தேன் என்பதும் தெரியும். கூட்டை விரல் நீட்டிக் காட்டியது போலத்தான்.

நேரத்தில் ஒரு சின்னக் குழப்பம் வரும். படம் எடுத்த நேரம் மாலை 5:52 என்றும் ஜிபிஎஸ் நேரம் 12:22 என்றும் இருந்தது. ஜிபிஎஸ் பகுதி உலகப் பொது நேரத்தில் எழுதும். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி, படத்தை வெளியே விடாமல் பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். ஒரு பக்கத்தில் ‘ஃபைலைத் தேர்ந்தெடு’ என்ற பட்டனை அழுத்திப் படத்தைக் காட்டினால், அந்த ஒரு படத்தைப் படிக்க மட்டும் பிரவுசர் அந்தப் பக்கத்துக்கு அனுமதி கொடுக்கிறது. படித்த பிறகு அந்தப் பக்கம் இரண்டு வேலைகளில் எதையும் செய்யலாம். அங்கேயே, உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே கணக்குப் போட்டுக் காட்டலாம். அல்லது சர்வருக்கு அனுப்பலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே பட்டன்தான். ‘உங்கள் படம் எங்கும் போகாது’ என்று மேலே எழுதியிருப்பதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். சோதித்துப் பார்ப்பது சுலபம்.

பக்கம் முழுதாகத் திறந்ததும் இணையத்தைத் துண்டியுங்கள். கம்ப்யூட்டரில் வைஃபையை அணையுங்கள், போனில் ஏரோபிளேன் மோட். அதற்குப் பிறகு படத்தைத் தேர்ந்தெடுங்கள். தகவல் வந்தால் அந்தப் பக்கம் படத்தை உள்ளேயே படிக்கிறது. வராமல் சுற்றிக்கொண்டே நின்றால் மூடிவிட்டு வேறு பாருங்கள். தகவல் வந்த பிறகும், அந்த டேபை மூடிவிட்டுத்தான் இணையத்தைத் திரும்பப் போட வேண்டும். பக்கம் திறந்தே இருந்தால், இணைப்பு வந்ததும் அனுப்புவதற்கு அதைத் தடுக்க ஆளில்லை. இதை முதலில் நான் விட்டுவிட்டேன், அக்கா மகள்தான் சொன்னாள்.

இரண்டாவது சோதனை கம்ப்யூட்டரில் மட்டும். எஃப்12 அழுத்தினால் ஒரு பலகை திறக்கும். அதில் நெட்வொர்க் என்ற பகுதியைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, சோதனைக்கென்று ஒரு சாதாரணப் படத்தைப் போடுங்கள். சுவரையோ வானத்தையோ எடுத்த படம் போதும், அதிலும் லொகேஷன் இல்லாதது. படத்தைப் போட்ட நொடியில் புது வரிகள் எதுவும் தோன்றாவிட்டால் நல்லது. போஸ்ட் என்று ஒரு வரி வந்து அதன் அளவு உங்கள் படத்தின் அளவோடு ஒத்துப்போனால் படம் வெளியே போய்விட்டது.

இன்காக்னிட்டோவில் திறந்தால் பாதுகாப்பு என்று எங்கள் குழுவிலேயே பலர் நினைத்திருந்தார்கள். அது உங்கள் கம்ப்யூட்டரில் தடம் விடாமல் இருக்கத்தான் உதவும். அங்கே அப்லோட் செய்தாலும் அப்லோட்தான்.

ஒரு நுணுக்கமான இடத்தில் நான் இரண்டாவது முறையும் மாட்டியிருப்பேன். படத்தை வெளியே அனுப்பாத ஒரு நல்ல பக்கம் கிடைத்தது. நெட்வொர்க் பலகையைத் திறந்து வைத்துப் பார்க்கிறேன், படத்தைப் போட்டதும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வரிகள் கொட்டின. என்ன என்று பார்த்தால் மேப். எடுத்த இடத்தைக் காட்டுவதற்காக அந்தப் பக்கம் ஒரு குட்டி மேப்பையும் விரித்தது. மேப்பின் ஒவ்வொரு சதுரத் துண்டையும் இன்னொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து கேட்டு வாங்க வேண்டும். எந்தத் துண்டு வேண்டும் என்று கேட்பதே எந்த இடம் என்று சொல்வதுதானே? படம் வெளியே போகவில்லை, ஆனால் இடம் போய்விட்டது. அதனால்தான் இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பார்ப்பதை நான் முதல் வழியாகச் சொல்கிறேன். மேப் சாம்பல் கட்டமாக நிற்கும், நிற்கட்டும். எண்கள் கிடைத்தால் போதும்.

கடைசியில் அக்கா மகள் எனக்கென்று ஒரு சின்னப் பக்கத்தையே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு ஃபைல், டெஸ்க்டாப்பில் கிடக்கிறது. இரட்டைச் சொடுக்கில் பிரவுசரில் திறக்கும், இணையமே வேண்டாம். புரோகிராம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது பெரிய வேலை இல்லை. பிரவுசர் வேண்டாம் என்பவர்களுக்கு ஃபில் ஹார்வி 2003 முதல் வளர்த்துவரும் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கட்டளை தட்டத் தெரிய வேண்டும், ஆனால் அதன் கண்ணுக்குத் தப்புவது மிகக் குறைவு. சந்தேகம் வந்தால் நான் அதிலும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

போனில் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அதே படத்தை என் ஆண்ட்ராய்டு போனின் பிரவுசரில் போட்டபோது, லொகேஷன் இல்லை என்று வந்தது. ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. ஆனால் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் அதே படத்தைப் பார்த்தால் இடம் அப்படியே உட்கார்ந்திருந்தது. காரணம், ஆண்ட்ராய்டு 10 முதல், தனி அனுமதி இல்லாத செயலிக்குப் படத்தைக் கொடுக்கும்போது இடத்தை மறைத்துவிட்டுத்தான் போன் கொடுக்கிறது. நல்ல பாதுகாப்புதான், ஆனால் பிரவுசர் காட்டுவது மறைத்த நகல். மூலப் படத்தில் இடம் இருக்கும், வேறு வழியில் அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும். ஐபோனில் படத்தைப் பகிரும் திரையின் மேலே ஆப்ஷன்ஸ் என்று இருக்கும், அதற்குள் லொகேஷனை அணைக்கலாம். எந்தப் போனாக இருந்தாலும், ‘இல்லை’ என்று வந்தால் அதைக் கம்ப்யூட்டரில் ஒருமுறை சரிபார்க்காமல் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எந்த வழியில் அனுப்பினால் எது ஒட்டிக்கொண்டு போகும் என்பதை எனக்கு நானே படம் அனுப்பிப் பார்த்துப் புரிந்துகொண்டேன். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கும்போதே இடம் கழன்றுவிடுகிறது. டாக்குமென்டாக அனுப்பினால் ஒரு பைட் குறையாமல் போகிறது. டெலிகிராமில் ஃபைலாக அனுப்புவதும், மெயிலில் இணைப்பாக வைப்பதும், டிரைவ் லிங்க் கொடுப்பதும் அப்படியே. சுருக்கமாக, தரம் குறையாமல் போகிற வழியில் எல்லாமே குறையாமல் போகும்.

நீக்குவது எளிது. விண்டோஸில் படத்தின் மேல் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ். அதன் அடியில் தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வரி ஒன்று இருக்கிறது. அது நீக்கிய நகலை உருவாக்கும், மூலம் அப்படியே இருக்கும். நகலைத் திரும்ப டெஸ்க்டாப் பக்கத்தில் போட்டுப் பார்த்த பிறகே அனுப்புகிறேன். இந்தத் திரும்பிப் பார்த்தல் ஏன் என்றால், ஒருமுறை பின்னணியில் தெரிந்த குன்றின் உச்சியை வெட்டிவிட்டுப் படத்தைச் சேமித்தேன். பக்கத்தில் போட்டால், எக்ஸிஃபுக்குள் தபால்தலை அளவில் ஒரு குட்டிப் படம். அதில் வெட்டாத முழுக் குன்றும், உச்சியிலிருந்த கல்தூண் உட்பட, நிற்கிறது. நான் வைத்திருந்த எடிட்டர் பெரிய படத்தை வெட்டியது, உள்ளே இருந்த முன்னோட்டப் படத்தைத் தொடவே இல்லை. உள்ளூர்க்காரர் யாரும் அந்தத் தூணைப் பார்த்தால் இடத்தைச் சொல்லிவிடுவார். முகத்தை மறைத்துவிட்டோம் என்று நினைத்துக் குழந்தைகள் படத்தைப் பகிர்கிறவர்கள் இதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

போன் கேமராவில் லொகேஷனையே அணைத்துவிடலாமே என்று கேட்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சரி, கேமரா செட்டிங்ஸில் ஒரே தட்டு. எனக்கு ஒத்துவராது. எந்தப் பறவையை எங்கே எப்போது பார்த்தேன் என்பதுதான் என் குறிப்பேடே. ஆகவே மூலப் படங்கள் ஒரு ஃபோல்டர், வெளியே போகும் நகல்கள் வேறொரு ஃபோல்டர். இரண்டாவதில் இருப்பதைத் தவிர வேறெதையும் அனுப்புவதில்லை. பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளத்தில் பதிவிடும்போது அதுவே படத்திலிருந்து இடத்தை எடுத்து நிரப்பிக்கொள்ளும். அங்கே இடத்தை மங்கலாக்கும் தேர்வு உண்டு, அதைத் தேர்ந்தால் 0.2 டிகிரி, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் மற்றவர்களுக்குக் காட்டும். ஆந்தை, கழுகு எதுவானாலும் கூடு என்றால் நான் அதைத்தான் தேர்கிறேன்.

அந்த ஜோடி இந்த டிசம்பரில் திரும்பி வந்தது. நான் பாறைக்குப் போகவில்லை, ரோட்டில் வண்டியை நிறுத்திக் குரலை மட்டும் கேட்டேன். இரண்டு தரம் கூப்பிட்டது. சில நாள் கழித்துக் குழுவில் கல்லூரி முதலாமாண்டுப் பையன் ஒருவன் ஒரு படம் போட்டிருந்தான், டாக்குமென்டாக. கொம்பன் ஆந்தை, வேறு ஏதோ குன்று. வைஃபையை அணைத்துவிட்டு என் பக்கத்தில் போட்டேன். 10 டிகிரி என்று தொடங்கி வினாடியில் புள்ளிக்குப் பிறகு இரண்டாம் இலக்கம் வரை எல்லாம் இருந்தது. எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் மூடிவிட்டு அவனுக்குப் போன் போட்டேன்.

“தம்பி, படம் ரொம்ப நல்லா வந்திருக்கு. அதப் பத்தி அப்புறம் பேசுவோம். முதல்ல குரூப்ல இருந்து அத எல்லாருக்கும் டெலிட் பண்ணிடுப்பா. எதுக்குன்னு இப்பச் சொல்றேன்.”

போனில் பேசிக்கொண்டே அழித்தான். அதற்குள் ஒன்பது பேர் பார்த்திருந்தார்கள். அந்த ஒன்பது பேருக்கும் அன்றே ஒவ்வொருவராகப் பேசி, டவுன்லோட் ஆகியிருந்தால் போனிலிருந்தும் அழித்துவிடச் சொன்னேன்.